வேகப் பாட்டும் நிதானக் கையும்



கோலா பிலாவில் சனிக்கிழமை பஜனை வகுப்பு முடிந்ததும் ஐந்தாறு பேர் கிட்டாரைத் தூக்கிக்கொண்டு என்னைச் சுற்றி உட்கார்ந்துவிடுவார்கள். கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான். "அண்ணே, மெதுவான பாட்டுன்னா வாசிச்சுக்கிட்டே பாடிடறோம். வேகப் பாட்டு வந்தா கை ஒரு பக்கம் போகுது, வாய் ஒரு பக்கம் போகுது. என்ன செய்யறது?" அதற்கான பாடம்தான் இது. ஆனால் அதற்கு முன்னால் நான் தலைகுனிந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். எனக்கே பாடம் அங்கேதான் ஆரம்பித்தது.

அப்போது எனக்குப் பத்தொன்பது வயது. கோலா பிலாவுக்குப் பக்கத்துத் தோட்டத்துக் கோயிலில் திருவிழா. இரவு கலைநிகழ்ச்சியில் நானும் ஒரு கிட்டாரும் மட்டும் மேடை ஏறினோம். பாட்டு, 'ராக்கம்மா கையத் தட்டு'. முதல் வரியிலேயே கூட்டம் கை தட்ட ஆரம்பித்துவிட்டது. அந்தத் தட்டு என்னை இழுத்தது. நான் வேகம் கூட்டினேன், அவர்களும் கூட்டினார்கள். பாட்டின் நடுவில் வரும் தேவாரத்துக்கு வந்தபோது எனக்கு மூச்சு இல்லை. சொற்களை மென்று விழுங்கி, ஒரே ஓட்டமாய் ஓடிக் கடந்தேன். பாட்டு முடிந்ததும் விசில் பறந்தது. நானும் பெருமையோடுதான் இறங்கினேன்.

கீழே, எங்களுக்குச் சிறுவயதில் தேவாரம் சொல்லிக்கொடுத்த ஐயா உட்கார்ந்திருந்தார். அந்தத் தோட்டத்தில் பல ஆண்டுகள் பால்மரம் வெட்டியவர். "நல்லா இருந்துச்சா ஐயா?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "தம்பி, ஒரு நாளைக்கு நானூறு மரம் வெட்டுவோம். வெயில் ஏறுறதுக்குள்ள முடிக்கணும். ஆனா எந்த மரத்தையும் அவசரமா வெட்டக்கூடாது. கத்தி ஆழமா இறங்கிட்டா பட்டை கெட்டுடும், அப்புறம் அந்த இடத்துல பால் வராது. நீ இன்னைக்கு அப்பர் பாட்டுல கத்திய ஆழமா இறக்கிட்டப்பா."

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. நானூறு மரம் என்பது வேகம்தான். ஆனால் ஒவ்வொரு மரத்திலும் கை நிதானம். அந்த நிதானம் இல்லாததால்தான் என் வேகம் கெட்டது என்று புரிய எனக்கு மேலும் சில ஆண்டுகள் பிடித்தன.

அந்தப் பாட்டைப் பற்றி

1991-இல் வந்த 'தளபதி' படத்துக்காக இளையராஜா இசையமைத்து, வாலி எழுதி, எஸ்.பி. பாலசுப்பிரமணியமும் ஸ்வர்ணலதாவும் பாடிய பாட்டு இது. 2002-இல் பி.பி.சி. உலகச் சேவை தன் 70-ஆம் ஆண்டையொட்டி உலக மக்களுக்குப் பிடித்த பாட்டுகளுக்கு வாக்கெடுப்பு நடத்தியபோது, இது நான்காம் இடத்தைப் பிடித்தது. குத்தாட்டப் பாட்டு என்று நாம் நினைக்கிற இந்தப் பாட்டின் நடுவில், தில்லைக் கூத்தன் மேல் திருநாவுக்கரசர் பாடிய தேவாரம் ஒன்று ஒலிக்கிறது. அது நான்காம் திருமுறையில் உள்ள பாட்டு. ஆடும் பெருமானின் புருவத்தையும் சிரிப்பையும் திருநீற்று மேனியையும் தூக்கிய திருவடியையும் ஒவ்வொன்றாய்க் காட்டிவிட்டு, இதையெல்லாம் பார்க்கக் கிடைக்குமானால் இந்த உலகில் மனிதராய்ப் பிறப்பதும் விரும்பத்தக்கதே என்று முடிக்கிறார் அப்பர். பிறவியே வேண்டாம் என்று வேண்டும் மரபில் நின்றுகொண்டு, பிறவியும் வேண்டும் என்கிறார். எவ்வளவு பெரிய சொல்! அதைத்தான் நான் மென்று விழுங்கினேன்.

"சினிமாப் பாட்டைக் கோயில் மண்டபத்துல பாடலாமா?" என்று நம் பெரியவர்களில் சிலர் கேட்பார்கள். கேட்பது நியாயம்தான். எங்கே, எப்போது என்று ஆலய நிர்வாகத்திடம் கேட்டுச் செய்யுங்கள். ஆனால் பாடுவது என்று முடிவாகிவிட்டால் சரியாகப் பாட வேண்டும்.

கிட்டார் நமக்கு அந்நியம் என்றும் நினைக்க வேண்டாம். இளையராஜாவே பிற இசையமைப்பாளர்களிடம் கிட்டார் வாசித்து வந்தவர். நம் நாட்டில், பினாங்கிலிருந்து வந்த அல்லிகேட்ஸ் குழுவின் லோகநாதன் ஆறுமுகமும் டேவிட் ஆறுமுகமும் மலாய்ப் பாட்டில் எல்லா இனத்தாரின் மனத்திலும் இடம்பிடித்தார்கள்.

வேகம் என்றால் என்ன?

நம் இசையில் மூன்று காலம் உண்டு. முதல் காலத்தில் ஒரு தட்டுக்கு ஒரு சுரம். இரண்டாம் காலத்தில் அதே தட்டுக்குள் இரண்டு. மூன்றாம் காலத்தில் நான்கு. பாட்டு வாத்தியாரிடம் வரிசை பாடியவர்களுக்கு இது தெரியும். இதில் கவனிக்க வேண்டியது, மூன்று காலத்திலும் தொடையில் போடும் தாளம் மாறவே மாறாது. உள்ளே இருக்கும் எண்ணிக்கைதான் கூடுகிறது.

நான் மேடையில் செய்தது இதற்கு நேர்மாறு. தாளத்தையே ஓடவிட்டேன்.

கணக்குப் பாருங்கள். நிமிடத்துக்கு 120 தட்டு உள்ள பாட்டு என்று வைத்துக்கொள்வோம். நொடிக்கு இரண்டு தட்டு. கால் மட்டும் தட்டினால் இது ஒன்றும் பெரிய வேகம் இல்லை, சுறுசுறுப்பாக நடக்கிற நடைதான். ஆனால் ஒவ்வொரு தட்டிலும் கை நான்கு முறை அசைந்தால் நிமிடத்துக்கு 480 அசைவு. நான்கு நிமிடப் பாட்டுக்கு 1,920. இத்தனை அசைவையும் பலம் போட்டு அடித்தால் தோள் இறங்கிப்போகும். ஆகவே கால் நடக்க வேண்டும், கை மிதக்க வேண்டும். இனி வருவதெல்லாம் இதற்கான பயிற்சிதான்.

பாடம் 1: வலது கை

நமக்குத் தெரிந்த 'தகதிமி'யை எடுத்துக்கொள்ளுங்கள். 'த' கீழே, 'க' மேலே, 'தி' கீழே, 'மி' மேலே. வாயால் சொல்லிக்கொண்டே கையை ஆட்டுங்கள். முதல் நாள் கம்பியைத் தொடவே வேண்டாம், காற்றில் ஆட்டினால் போதும்.

அடுத்து, கம்பியைத் தொடாத அடியும் ஓர் அடிதான் என்று கைக்குச் சொல்லிக்கொடுங்கள். இதற்கு 'காற்றடி' என்று நான் பெயர் வைத்திருக்கிறேன். கை ஒருபோதும் நிற்காது. கம்பியில் படுவதும் படாமல் போவதும்தான் மாறும். புதிதாகப் படிப்பவர்கள் தவறுவது இங்கேதான். ஒலி வேண்டாத இடத்தில் கையை நிறுத்திவிடுகிறார்கள். நின்ற கை மறுபடி ஓடிப் பிடிக்க வேண்டியிருக்கிறது, அதில் தாளம் போய்விடுகிறது.

மூன்று அடிகளைப் பழகுங்கள். கோடு வரும் இடம் காற்றடி.

முதல் அடி: த க தி மி. நான்கும் ஒலிக்கும். 'த' மட்டும் சற்று அழுத்தம்.

இரண்டாம் அடி: த – தி மி. 'க' காற்றில் போகும். நம் ஊர் மேளத்தின் துள்ளல் இதில் வந்துவிடும்.

மூன்றாம் அடி, இரண்டு தட்டுக்கானது: த – – மி, – க தி மி. இரண்டாம் தட்டின் தொடக்கமே காற்றில் போவதால் பாட்டு முன்னால் தள்ளுவதுபோல் இருக்கும். இது வருவதற்கு நாளாகும், பொறுமை வேண்டும்.

பிக்கை இறுக்கிப் பிடிக்காதீர்கள். கீழே விழாத அளவு பிடி போதும். மெல்லிய பிக்காக இருக்கட்டும், அரை மில்லிமீட்டர் கனம் ஏற்றது. அதன் நுனி மட்டும் கம்பியைத் தொடட்டும். கீழ்நோக்கிப் போகும்போது ஆறு கம்பியும் படலாம், மேல்நோக்கி வரும்போது மெல்லிய இரண்டு மூன்று கம்பி பட்டாலே போதும். அசைவு மணிக்கட்டிலிருந்து வர வேண்டும். முழங்கையிலிருந்து வந்தால் இரண்டாம் சரணத்திலேயே வலிக்கும். வலித்தால் நிறுத்துங்கள். பல்லைக் கடித்துக்கொண்டு வாசிப்பது வீரம் இல்லை.

முழுப் பாட்டுக்கும் நான்கடி தேவையும் இல்லை. பாடும் வரிகளில் தட்டுக்கு இரண்டு, இடையிசையில் நான்கு என்று வைத்தால் குரலுக்கும் இடம் கிடைக்கும், கேட்பவர்களுக்கும் மாற்றம் கிடைக்கும்.

எல்லாப் பாட்டும் நான்கில் நடக்காது. காவடிச் சிந்து பெரும்பாலும் 'தகிட தகிட' என்று மூன்று மூன்றாக நடக்கும். அங்கே கீழ், மேல், கீழ் என்று ஒரு தட்டு முடிந்தால் அடுத்த தட்டு மேலிருந்து தொடங்கும். முதல் எழுத்தின் அழுத்தம் கைமாறி வரும். அதைத் தனியாகப் பழக வேண்டும்.

பாடம் 2: இடது கை

வேகப் பாட்டில் இடது கை தடுமாறுவதற்குக் காரணம் விரல்களின் சோம்பல் இல்லை, வீண் அலைச்சல். ஒரு கார்டிலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது எல்லா விரலையும் தூக்கிவிடுகிறோம். 'ஏ மைனர்' போட்டு, 'சி'க்குப் போய்ப் பாருங்கள். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் அதே இடத்தில் இருக்கலாம். மோதிர விரல் மட்டும் மூன்றாம் கம்பியின் இரண்டாம் கட்டத்திலிருந்து ஐந்தாம் கம்பியின் மூன்றாம் கட்டத்துக்குப் போனால் போதும். இப்படி ஒவ்வொரு மாற்றத்திலும் எந்த விரல் நிற்கலாம் என்று தேடி வையுங்கள்.

மாற்றம் நேரத்துக்கு வரவில்லை என்றால் வலது கையை நிறுத்தாதீர்கள். கடைசி 'மி'யில் வெறும் கம்பி ஒலித்தாலும் பரவாயில்லை, யாருக்கும் தெரியாது. தாளம் நின்றால்தான் எல்லாருக்கும் தெரியும்.

கம்பி கடினமாக இருந்தால் .012 செட்டுக்குப் பதிலாக .010 செட் போடுங்கள், விரலுக்கு இதமாக இருக்கும். நம் ஊர் ஈரக்காற்றில் கம்பி சீக்கிரம் துருப்பிடிக்கும். வாசித்து முடித்ததும் துணியால் துடைத்துப் பையில் வையுங்கள்.

பாடம் 3: வாயும் கையும்

ஒரே நேரத்தில் இரண்டு வேலையை யோசித்துச் செய்ய நம்மால் முடியாது. ஒன்று யோசிக்காமல் நடக்க வேண்டும். அது கையாகத்தான் இருக்க முடியும், ஏனென்றால் மனம் பாட்டின் பொருளில் இருக்க வேண்டும். இந்த வரிசையில் போங்கள்.

1. கை மட்டும். வாசித்துக்கொண்டே பக்கத்தில் இருப்பவரிடம் "சாப்பிட்டியா, ஸ்கூல் எப்படிப் போகுது" என்று பேசிப் பாருங்கள். பேசும்போது கை தடுமாறினால் இன்னும் பழகவில்லை என்று பொருள்.

2. மெட்டை 'ம்' என்று முணுமுணுங்கள். சொல் வேண்டாம்.

3. சொற்களை மெட்டு இல்லாமல், தாளத்தில் மட்டும் பேசுங்கள். எந்த எழுத்து 'த'வில் விழுகிறது, எது 'தி'யில் விழுகிறது என்று தாளில் குறித்துக்கொள்ளுங்கள்.

4. இப்போது பாடுங்கள்.

மூன்றாம் படியைப் பலர் தாண்டிவிடுகிறார்கள். கையும் வாயும் சண்டை போடுவது அங்கேதான். நம் பாட்டுகளில் பல, தட்டோடு சேர்ந்து தொடங்குவதில்லை. தட்டுக்குப் பின்னால் தொடங்கினால் அனாகத எடுப்பு, முன்னால் தொடங்கினால் அதீத எடுப்பு என்பார்கள். அந்த இடத்தில் கை 'த' என்கிறது, வாய் சும்மா இருக்கிறது. அல்லது வாய் தொடங்கிவிட்டது, 'த' இன்னும் வரவில்லை. இது மனத்தில் பதியாவிட்டால் கையும் வாயோடு சேர்ந்து தாவிவிடும்.

மூச்சையும் குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வரியின் முடிவிலும் சின்ன மூச்சு, இடையிசையில் பெரிய மூச்சு. மூச்சு முட்டிய பிறகு எடுப்பது தாமதம்.

சுருதி உங்கள் குரலுக்கு ஏற்றதாக இருக்கட்டும். படத்தில் பாடியவர்களின் சுருதியில்தான் பாட வேண்டும் என்று சட்டம் இல்லை. கேப்போ ஒரு கட்டம் ஏறினால் சுருதி அரைக் கட்டை ஏறும், விரல் பிடி மாறாது. மேலே போகும் வரியை எந்தச் சுருதியில் கத்தாமல் பாட முடிகிறதோ, அதுதான் உங்கள் சுருதி.

பாடம் 4: நிதானத்திலிருந்து வேகத்துக்கு

கைத்தொலைபேசியில் மெட்ரோனோம் செயலி இலவசமாகவே கிடைக்கிறது. 60-இல் தொடங்குங்கள். ஒரு சரணத்தைத் தவறில்லாமல் மூன்று முறை பாடி வாசித்தால் 5 கூட்டுங்கள். தவறினால் 10 குறையுங்கள். ஒரு நாளைக்கு ஒரு படி போதும். 60-இலிருந்து 120-க்கு 12 படி, அதாவது 12 நாள். "12 நாளா!" என்று வாய் பிளக்காதீர்கள். 120-இல் நேராகத் தொடங்கி, இரண்டு மாதமாகியும் ஒரே இடத்தில் தடுக்கி விழுந்தவன் நான்.

கடைசியில், மேடையில் பாடப்போகும் வேகத்தைவிட 5 கூட்டி ஒரு நாள் வாசித்துப் பாருங்கள். மறுநாள் மேடை வேகம் வசதியாக இருக்கும்.

மேடையில் கூட்டம் கை தட்டும்போது என்ன செய்வது? தட்டும் கூட்டம் பெரும்பாலும் வேகத்தைக் கூட்டிக்கொண்டேதான் போகும். உங்கள் காலை நம்புங்கள். குதிகாலைத் தரையில் வைத்து முன்பாதத்தால் தட்டுங்கள், அந்தத் தட்டை மட்டும் கேளுங்கள். முதல் வரியை மனத்துக்குள் ஒருமுறை பாடிப் பார்த்து, அந்த வேகத்தில் "ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு" எண்ணிவிட்டுத் தொடங்குங்கள். மேடைப் படபடப்பில் நமக்குச் சரியாகத் தோன்றும் வேகம் உண்மையில் கொஞ்சம் கூடுதலாகவே இருக்கும்.

தேவாரம் வரும் இடம்

சிரம்பானிலிருந்து பழைய புக்கிட் புத்துஸ் பாதையில் வந்தவர்களுக்குத் தெரியும். நேர் ரோட்டில் யார் வேண்டுமானாலும் அழுத்தலாம். ஓட்டுநர் எப்படிப்பட்டவர் என்பது வளைவில்தான் தெரியும். இந்தப் பாட்டின் வளைவு தேவாரம். வளைவுக்குள் போய் பிரேக் போடக்கூடாது, போவதற்கு முன்பே தயாராக வேண்டும்.

நான் இப்போது பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது இதுதான். தேவாரத்துக்கு முந்திய இரண்டு சுற்றில் நான்கடியிலிருந்து இரண்டடிக்கு இறங்குங்கள். பிறகு கையை முழுவதும் நிறுத்துங்கள். இந்தப் பாட்டில் கை நிற்கும் ஒரே இடம் இதுதான். ஆனால் கால் உள்ளுக்குள் தட்டிக்கொண்டே இருக்கட்டும்.

தேவாரத்துக்குக் கார்டு போடாதீர்கள். கார்டு போட்டால் அது மேஜரா மைனரா என்ற கேள்வி வரும், பண்ணின் நிறத்தை மாற்றிவிடும். ஒரு தம்புரா என்ன செய்யுமோ அதை மட்டும் செய்யுங்கள். ஐந்தாம் கம்பியைத் திறந்து மீட்டினால் அதுவே 'ச'. ஆறாம் கம்பி கீழ் 'ப', முதல் கம்பி மேல் 'ப'. விரலே வைக்காமல், கட்டைவிரலால் இந்த மூன்றையும் மெல்ல மாறி மாறி மீட்டுங்கள். கேப்போ எங்கே இருந்தாலும் இந்தக் கணக்கு மாறாது. நீங்கள் பாடும் ஆதார சுருதி அந்த ஐந்தாம் கம்பியில் விழும்படி பாட்டின் பிடிகளை அமைத்துக்கொண்டால் போதும்.

தேவாரத்தை யூடியூபிலிருந்து காதால் பிடிக்காதீர்கள். திருமுறைப் புத்தகத்தைத் திறந்து, ஓதத் தெரிந்தவரிடம் உட்கார்ந்து, சொல் பிரித்துப் பொருளோடு படியுங்கள். ழகரமும் ளகரமும் றகரமும் அந்தந்த இடத்தில் நிற்கட்டும். மலேசிய இந்து சங்கத்தின் திருமுறை ஓதும் போட்டிக்குப் போன தங்கைகள் நம் வகுப்பிலேயே இருப்பார்கள். அவர்களைக் கேளுங்கள். கிட்டார் வாசிப்பவரே எல்லாம் பாட வேண்டும் என்பதும் இல்லை.

அது முடிந்ததும் ஒரு முழு மூச்சு. பிறகு "ஒண்ணு, ரெண்டு" எண்ணி மறுபடி துள்ளலுக்குப் போகலாம். போகும்போது பழைய வேகமேதான், கூடுதல் இல்லை.

போன திருவிழாவில் எங்கள் வகுப்புப் பிள்ளைகள் இப்படித்தான் பாடினார்கள். பயிற்சியில் முதலில் படித்தது தேவாரம், கடைசியில் படித்ததுதான் 'ராக்கம்மா'. பாடினபோது கூட்டம் வழக்கம்போல் தட்டியது. தம்பியின் கால் அசரவில்லை. கை நின்றது, அவன் தங்கை அப்பரைப் பாடினாள், மண்டபத்தில் தட்டும் நின்றது. ஐயா அதே முன்வரிசை நாற்காலியில் இருந்தார். பாட்டு திருவடிக்கு வந்தபோது இரண்டு கையையும் தலைக்கு மேல் கூப்பினார். பிறகு துள்ளல் தொடங்கியதும், அவரும் தொடையில் தாளம் போட ஆரம்பித்துவிட்டார்.

இந்த வாரம் செய்து பார்க்க

1. தினமும் 15 நிமிடம், கம்பியைத் தொடாமல் ஐந்து நிமிடம், தொட்டுப் பத்து நிமிடம். வாயில் 'தகதிமி' நிற்கக்கூடாது.

2. உங்களுக்குப் பிடித்த வேகப் பாட்டின் ஒரு சரணத்தை எழுதி, 'த' விழும் எழுத்துகளின் கீழ் கோடு போடுங்கள். மூச்சு எடுக்கும் இடத்தையும் குறியுங்கள்.

3. அந்தப் பாட்டில் ஓடக்கூடாத ஓர் இடம் எது என்று கண்டுபிடியுங்கள். ஒவ்வொரு நல்ல பாட்டிலும் ஒன்று இருக்கும். அந்த இடத்தை முதலில் படியுங்கள்.

4. வீட்டில் பெரியவர்கள் யாராவது தேவாரம் பாடுவார்களா என்று கேளுங்கள். பாடினால் ஐந்தாம் கம்பியைச் 'ச'வாக வைத்து, மெல்ல மீட்டிக்கொண்டு பக்கத்தில் உட்காருங்கள். அன்றைக்குப் பயிற்சி அவ்வளவு போதும்.